பிரௌனிங்கை எங்கிருந்து தொடங்குவது? புதிய வாசகருக்கு ஒரு வழிகாட்டி

விக்டோரியக் காலத்து ஆங்கிலக் கவிதையில் காதலும் முயற்சியும் மனிதக் குறைபாடும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று அறிய விரும்புகிறவர் ராபர்ட் பிரௌனிங்கிடம் வந்தே தீர வேண்டும். வருகிறவர்களில் பலர் வாசலிலேயே திரும்பிவிடுகிறார்கள். கவிதை கடினமானது என்பது அதற்குப் பாதிக் காரணம்தான். எந்தக் கவிதையை முதலில் எடுப்பது, எந்தப் பதிப்பில் தேடுவது, எதைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது, எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்று யாரும் வரிசைப்படுத்திச் சொல்வதில்லை என்பது மறுபாதி. நானும் அந்த வரிசை தெரியாமல் வெகுகாலம் தட்டுத் தடுமாறித்தான் படித்தேன். அந்தச் சிரமம் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். ஆங்கில நாளிதழைத் தடையின்றிப் படிக்க முடிகிற எவருக்கும் இது போதும். பட்டப்படிப்பில் ஆங்கில இலக்கியம் எடுத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

1. ஆறு கவிதைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்

பிரௌனிங் எழுதிக் குவித்தவர். 'த ரிங் அண்ட் த புக்' என்ற ஒரே படைப்பு 12 பகுதிகளில் 21,000 வரிகளைத் தாண்டுகிறது. 1840இல் வந்த 'சொர்டெல்லோ' அவர் காலத்து வாசகர்களையே திணறடித்தது. இவ்விரண்டையும் இப்போது தொட வேண்டாம். பின்வரும் ஆறு கவிதைகளை இதே வரிசையில் படியுங்கள்: 'மை லாஸ்ட் டச்சஸ்' (56 வரிகள்), 'ஆண்ட்ரியா டெல் சார்ட்டோ' (267), 'டூ இன் த காம்பான்யா' (60), 'த லாஸ்ட் ரைட் டுகெதர்' (110), 'எ கிராமேரியன்ஸ் ஃப்யூனரல்' (148), 'ராபி பென் எஸ்ரா' (192). எல்லாம் சேர்த்து 833 வரிகள். முதலாவது 1842இலும், கடைசி 1864இலும், நடுவில் உள்ள நான்கும் 1855இல் வந்த 'மென் அண்ட் விமன்' தொகுப்பிலும் வெளியானவை.

வரிசையை மாற்ற வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. முதல் கவிதையில் மனைவியிடம் சிறு குறையையும் பொறுக்காத ஒருவன் பேசுகிறான். இரண்டாவதில் தன் கலையில் குறையே இல்லாததால் தோற்றுப்போன ஒருவன் பேசுகிறான். அடுத்த இரண்டில் காதல் கைக்கு எட்டாமல் நழுவுகிறது. கடைசி இரண்டில் எட்டாததை நோக்கி வாழ்ந்ததே பேறு என்ற குரல் எழுகிறது. பெரும்பாலோர் ஆறாவதில் தொடங்கி, அதன் நம்பிக்கைக் குரலைப் பிரௌனிங்கின் முழுக்குரலாக எடுத்துக்கொண்டு, மற்ற ஐந்தையும் அதற்கு விளக்கமாக வாசிக்கிறார்கள். அப்படி வாசித்தால் அந்த ஐந்தும் கெட்டுப்போகின்றன.

2. பிரதியைத் தேடுதல்: செலவும் சிக்கல்களும்

பிரௌனிங் 1889இல் இறந்தவர் என்பதால் அவர் கவிதைகளுக்குப் பதிப்புரிமை இல்லை. புராஜெக்ட் குட்டன்பெர்க்கிலும் இன்டர்நெட் ஆர்க்கைவிலும் பணம் எதுவும் கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம். வரிக்கு வரி இடைவெளி விட்டு அச்சிட்டாலும் ஆறு கவிதைகளும் ஏறத்தாழ 30 பக்கங்களில் அடங்கிவிடும். ஜெராக்ஸ் கடையில் ஆகும் செலவைத் தவிர வேறு செலவு கிடையாது. கைப்பேசித் திரையில் படிக்காமல் தாளில் படியுங்கள், ஏனென்றால் பென்சிலுக்கு வேலை இருக்கிறது. குறிப்புரை உள்ள பதிப்பு ஒன்றை வாங்குவது நல்லதுதான். ஆனால் அதை ஆறு கவிதைகளையும் ஒருமுறை படித்து முடித்த பிறகு வாங்கினால் போதும்.

தேடும்போது மூன்று இடங்களில் மாட்டிக்கொள்வீர்கள். முதலாவது தொகுப்பின் பெயர். 1855இல் 'மென் அண்ட் விமன்' நூலில் 51 கவிதைகள் இருந்தன. 1863இல் தம் கவிதைகளை மொத்தமாகத் தொகுத்தபோது பிரௌனிங் அவற்றைக் கலைத்து அடுக்கினார். அந்தத் தலைப்பின் கீழ் 13 கவிதைகளே இடம்பெற்றன. ஆகவே பின்னாளில் வந்த மொத்தத் தொகுப்பை இறக்கினால் 'ஆண்ட்ரியா' மட்டும் 'மென் அண்ட் விமன்' பகுதியில் இருக்கும். 'டூ இன் த காம்பான்யா' 'டிராமாட்டிக் லிரிக்ஸ்' பகுதிக்கும், 'த லாஸ்ட் ரைட் டுகெதர்', 'எ கிராமேரியன்ஸ் ஃப்யூனரல்' இரண்டும் 'டிராமாட்டிக் ரொமான்ஸஸ்' பகுதிக்கும் போயிருக்கும். கவிதை அந்த நூலில் இல்லை என்று முடிவு கட்டிவிடாமல் தலைப்பு அகரவரிசையில் தேடுங்கள்.

இரண்டாவது, கவிதையின் பெயரே மாறியிருப்பது. 'மை லாஸ்ட் டச்சஸ்' 1842 பதிப்பில் 'இட்டலி' என்ற தலைப்பில்தான் இருந்தது. பழைய நூலின் படப்பிரதியில் தேடுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிரௌனிங் தம் வரிகளையும் அவ்வப்போது திருத்தியவர். 1888–89இல் 16 தொகுதிகளாக வந்த பதிப்பை ஒட்டிய பாடம் கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் மிகவும் தொல்லை தருவது. இணையப் பக்கங்கள் பலவற்றில் பத்தி பிரிப்பு காணாமல் போயிருக்கும். சில இடங்களில் வரியே விடுபட்டிருக்கும். அச்சிடுவதற்கு முன் எண்ணிப் பாருங்கள். 'டூ இன் த காம்பான்யா' 5 வரிகள் கொண்ட 12 பத்திகள். 'த லாஸ்ட் ரைட் டுகெதர்' 11 வரிகள் கொண்ட 10 பத்திகள். 'ராபி பென் எஸ்ரா' 6 வரிகள் கொண்ட 32 பத்திகள். 'எ கிராமேரியன்ஸ் ஃப்யூனரல்' நெடிய வரியும் குறுகிய வரியுமாக மாறி மாறி வரும். குறுகிய வரிகள் உள்தள்ளி அச்சாகாத பிரதியை ஒதுக்கிவிடுங்கள். இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம் ஆகும். இதைச் செய்யாமல் விட்டால் பாதிக் கவிதையில் நின்று, எது விட்டுப்போயிற்று என்று தெரியாமல் குழம்ப நேரிடும்.

3. பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டியவை

நல்ல ஆங்கில அகராதி ஒன்று வேண்டும். பிரௌனிங் சாதாரணச் சொற்களையே அசாதாரண வரிசையில் வைப்பவர் என்பதால் அகராதியை நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகவே திறப்பீர்கள். தமிழ் விவிலியத்தில் இரண்டு இடங்களுக்கு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்: குயவனும் களிமண்ணும் வருகிற எரேமியா 18ஆம் அதிகாரம் 'ராபி பென் எஸ்ரா'வுக்கு, தேவதூதன் அளவுகோலால் அளக்கிற சதுர நகரம் வருகிற வெளிப்படுத்தின விசேஷம் 21ஆம் அதிகாரம் 'ஆண்ட்ரியா'வின் முடிவுக்கு. இவ்விரண்டும் தெரியாமல் அந்த இடங்களைக் கடப்பது கடினம்.

'ஆண்ட்ரியா'வுக்கு மட்டும் இன்னும் இரண்டு தேவைப்படும். ஒன்று, ஓவியர் வசாரி எழுதிய ஓவியர் வரலாறுகளில் ஆண்ட்ரியா டெல் சார்ட்டோ பற்றிய பகுதி. வசாரி சில காலம் ஆண்ட்ரியாவிடமே பயின்றவர். பிரௌனிங் கதையை எடுத்தது அங்கிருந்துதான். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு இலவசமாகக் கிடைக்கிறது. இன்னொன்று, ஃபிளாரன்ஸ் நகரில் உஃபீஸி அரும்பொருளகத்தில் உள்ள 'மடோனா ஆஃப் த ஹார்ப்பீஸ்' என்ற ஆண்ட்ரியாவின் ஓவியத்துக்கு ஒரு தெளிவான படம். கவிதைக்கு முன் அதைச் சில நிமிடம் பாருங்கள். குறை சொல்ல ஓரிடமும் அகப்படாத கை என்பதைக் கண்ணால் கண்ட பிறகு அந்த ஓவியன் பேச்சைக் கேட்டால்தான் அவன் துயரம் உறைக்கும்.

வாங்க வேண்டாதது ஒன்றும் உண்டு: கவிதைச் சுருக்கமும் மாதிரி வினா விடையும் கொண்ட தேர்வுக் கையேடு. அது கவிதையின் கருத்து என்று ஒரே வாக்கியத்தைக் கொடுத்துவிடும்; அந்த வாக்கியம் மனத்தில் ஏறிய பிறகு கவிதையில் பேசுகிற ஆளைக் கேட்கவே முடியாது.

4. வாய்விட்டு வாசியுங்கள்

முதல் வாசிப்பு ஒலியாகவே இருக்கட்டும். நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வரிகள் போகும். 'மை லாஸ்ட் டச்சஸ்' ஐந்து நிமிடத்துக்குள் முடியும், 'ஆண்ட்ரியா' இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் எடுக்கும். பொருள் தெரிய வேண்டும் என்ற கவலை இந்தச் சுற்றில் வேண்டாம்.

இரண்டாம் சுற்றில் பென்சிலை எடுத்து முற்றுப்புள்ளி விழுகிற ஒவ்வோர் இடத்திலும் கோடு போடுங்கள். பிரௌனிங்கில் வாக்கியம் வரியோடு முடிவதில்லை. வரியின் நடுவில் தொடங்கி, இரண்டு மூன்று வரிகளைக் கடந்து, இன்னொரு வரியின் நடுவில் நிற்கும். 'மை லாஸ்ட் டச்சஸ்' முழுவதும் இரண்டிரண்டு வரியாக இயைபு கொண்டது என்றாலும், வாக்கியத்தைப் பின்தொடர்ந்து வாசித்தால் அந்த இயைபு காதில் விழாமலே போகும். வரிதோறும் நிறுத்துகிறவருக்கு அது பாட்டாகிவிடுகிறது. வாக்கியத்தைத் தொடர்கிறவருக்குத்தான் ஒருவன் எதிரே நின்று பேசுவது கேட்கும்.

லிப்ரிவாக்ஸில் தன்னார்வலர்கள் வாசித்த ஒலிப்பதிவுகள் இலவசமாக உள்ளன. பிரௌனிங்கின் சொந்தக் குரலும் கிடைக்கிறது. 1889 ஏப்ரலில், ஓவியர் ருடால்ஃப் லேமன் வீட்டில், எடிசனின் ஒலிப்பதிவுக் கருவி முன் அவர் தம் கவிதை ஒன்றைச் சொல்லத் தொடங்கி, சில வரிகளில் மறந்து நின்று, என் வரிகளே எனக்கு நினைவில்லை என்று மன்னிப்புக் கேட்கிறார். கரகரத்து ஒலிக்கும் அந்தச் சிறு பதிவைக் கட்டாயம் கேளுங்கள். குறைபாட்டை இவ்வளவு பாடியவரின் குரல் நமக்குக் கிடைத்திருப்பது இந்த வடிவத்தில்தான் என்பதை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

5. கூற்று எழுதிக்கொள்ளுங்கள்

தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு வசதி உண்டு. குறுந்தொகைப் பாட்டின் அடியில், இது தலைவி கூற்று, தோழிக்குச் சொல்லியது என்று குறிப்பு இருப்பதைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். தொல்காப்பியச் செய்யுளியல் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம் என்று செய்யுளின் உறுப்புகளைச் சொல்லிச் செல்கிறது. பிரௌனிங்கின் நாடகத் தனிமொழிக்கு, அதாவது ஒரு பாத்திரமே பேசுவதாக அமையும் கவிதைக்கு, இதைவிடப் பொருத்தமான கருவி எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை. கவிஞர் அந்தக் குறிப்பை எழுதித் தரமாட்டார். நீங்களே எழுதிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கவிதைக்கும் அரைப் பக்கம் போதும்.

'மை லாஸ்ட் டச்சஸ்' கவிதைக்கு அது இப்படி அமையும். கூற்று, இத்தாலிய நகரமான ஃபெர்ராராவின் கோமகனுடையது. கேட்பவன், அவன் அடுத்து மணக்கவிருக்கும் பெண்ணின் தந்தை அனுப்பிய தூதன். களன், மாளிகையின் மேல்தளத்தில், திரை விலக்கிக் காட்டப்படும் ஓர் ஓவியத்தின் முன்; விருந்தினர் கீழே காத்திருக்கிறார்கள். காலம், சீதனப் பேச்சு முடியப்போகும் வேளை. பயன், புது மனைவி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லாமல் சொல்லி அனுப்புவது. எச்சம், அதாவது சொல்லாமல் விட்டது, பழைய மனைவிக்கு என்ன நேர்ந்தது என்பது.

இந்தக் குறிப்பு கையில் இருந்தால் கவிதையின் கொடூரம் தானே வெளிப்படும். அவள் செய்த குற்றம் என்ன? தோட்டத்தில் ஒருவன் ஒடித்துக் கொடுத்த செர்ரிக் கிளைக்கும், தான் ஏறிச் செல்லும் வெள்ளைக் கோவேறு கழுதைக்கும், கணவன் கொடுத்த தொன்மையான குடிப்பெயருக்கும் ஒரே மாதிரி மகிழ்ந்தாள். இங்கே நீ குறைகிறாய், அங்கே நீ எல்லை மீறுகிறாய் என்று அவளிடம் எடுத்துச் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்வதே தன் நிலையிலிருந்து இறங்குவது, தான் இறங்குவதில்லை என்கிறான். பிறகு கட்டளையிட்டானாம், புன்னகைகள் எல்லாம் ஒருசேர நின்றனவாம். காதலில் குறையை அளக்கிற மனிதன் எந்த எல்லைக்குப் போவான் என்பதை முதலில் பார்த்துவிடுவது நல்லது. இனி வரும் கவிதைகளில் குறையோடு வாழ முயல்கிறவர்களை நாம் இவனுக்கு எதிரே வைத்தே எடைபோடப் போகிறோம்.

6. 'ஆண்ட்ரியா டெல் சார்ட்டோ': இங்கே அவசரம் வேண்டாம்

ஆறில் இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். கூற்று, ஓவியன் ஆண்ட்ரியாவுடையது. கேட்பவள் மனைவி லுக்ரீசியா. களன், ஃபியசோலே குன்றைப் பார்த்த சன்னல். காலம், வெளிச்சம் சாம்பல் வெள்ளியாக மங்கும் அந்தி. இனிச் சண்டை வேண்டாம் என்ற வேண்டுதலோடு பேச்சு தொடங்குகிறது. எனவே சண்டை நமக்கு முன்பே நடந்து முடிந்திருக்கிறது. உன் நண்பனின் நண்பனுக்காக ஓவியம் தீட்டித் தருகிறேன், பணத்தை நாளை உன் கையில் வைக்கிறேன், இன்று சற்று நேரம் உன் கையை என் கைக்குள் வைத்துக்கொண்டு சன்னலோரம் உட்காரவிடு என்கிறான். இந்த ஏற்பாட்டை மறக்காமல் மற்றதை வாசியுங்கள்.

புதியவர்கள் தவறாமல் விழுகிற குழி 97, 98ஆம் வரிகளில் இருக்கிறது. மனிதனின் எட்டுதல் அவன் பிடிக்கு அப்பால் செல்ல வேண்டும், இல்லையென்றால் வானுலகம் எதற்கு என்று பொருள்படும் அந்த இரு வரிகளும் வாழ்த்து அட்டைகளிலும் பட்டமளிப்பு உரைகளிலும் ஓயாமல் வருகின்றன. பிரௌனிங்கின் தத்துவம் இதுதான் என்று எழுதி முடித்துவிடுகிறவர்களும் உண்டு. அதற்கு அடுத்த வாக்கியத்தைப் பாருங்கள். என் கலை முழுவதும் சாம்பல் வெள்ளி, அமைதியானது, குறையற்றது, அதனாலேயே மோசமானது என்கிறான். எட்டாததை நோக்கிக் கை நீட்ட வேண்டும் என்று அறிந்தவன், கை நீட்டாமலே காலத்தைக் கழித்தவன். அந்த வரி உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது உண்மை என்று தெரிந்தும் அதன்படி வாழாத ஒருவன் வாயில் வருகிறது. வலி முழுவதும் அங்கேதான் இருக்கிறது. வரியைத் தனியே பெயர்த்து எடுத்தவருக்கு அந்த வலி கிடைக்காது.

இதற்குச் சற்றுப் பின்னால் வருகிற இடத்தை மெதுவாக வாசியுங்கள். சுவரில் ரஃபேலின் ஓவியம் ஒன்றின் நகல் இருக்கிறது. அதில் ஒரு கை தவறாக வரையப்பட்டிருக்கிறது என்று ஆண்ட்ரியா சுட்டுகிறான். உடல் பிழை, உயிர் சரி என்றும் ஒத்துக்கொள்கிறான். என்றாலும் அந்தக் கையை என்னால் திருத்த முடியும் என்கிற ஆசை விடவில்லை. பின்னர் சுண்ணக்கட்டியைக் கொடு என்று வாங்கி, கோடு இப்படிப் போக வேண்டும் என்று இழுத்தும் விடுகிறான். அடுத்த நொடியே, ஆனால் அந்த உயிர், அவன் ரஃபேல் ஆயிற்றே, அழித்துவிடு என்கிறான். சில வரிகளுக்குள் ஒரு கை எழுந்து, ஒரு கோட்டைத் திருத்தி, தோற்றுப்போய்க் கீழே இறங்குகிறது. விக்டோரியக் கவிதையில் குறையின் மேன்மை பற்றி எழுதப்பட்ட எத்தனையோ பக்கங்களைவிட இந்த ஓர் அசைவு அதிகம் சொல்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

இனிச் செய்ய வேண்டிய பயிற்சி: இரண்டு நிறப் பென்சில் எடுத்து, தன் தோல்விக்கு லுக்ரீசியாவைப் பொறுப்பாக்கும் வரிகளை ஒரு நிறத்திலும், அந்தக் குற்றச்சாட்டைத் தானே திரும்பப் பெறும் வரிகளை இன்னொரு நிறத்திலும் கோடிடுங்கள். உன் அழகோடு ஆன்மாவும் தந்திருந்தால் நான் ரஃபேலுக்கும் மைக்கேலேஞ்சலோவுக்கும் நிகராக எழுந்திருப்பேன் என்பான். உடனே, தூண்டுதல் ஆன்மாவுக்குள்ளிருந்தே வர வேண்டும், ரஃபேலுக்கு ஏது மனைவி என்பான். பிரெஞ்சு மன்னன் பிரான்சிஸின் அரண்மனையில் பெருமையோடு வாழ்ந்ததையும், நீ அழைத்தாய் நான் வந்தேன் என்பதையும், மன்னன் பணத்தை வீடு கட்டுவதில் செலவிட்டதையும், தன் தாய் தந்தை வறுமையில் இறந்ததையும் சொல்லுவான். தாளில் இரண்டு நிறங்களும் மாறி மாறி விழுவதைக் கண்ணால் பார்ப்பீர்கள். லுக்ரீசியாவின் பக்கத்தைக் கவிதை சொல்வதே இல்லை. ஆகையால் இவன் சொல்லை மட்டும் வைத்து அவளைக் கெட்டவள் என்று தீர்ப்பு எழுதுவது இரண்டாவது குழி.

முடிவில் வானுலக நகரத்தின் நான்கு சுவர்கள் வருகின்றன. லியனார்டோ, ரஃபேல், மைக்கேலேஞ்சலோ, நான் என்று நால்வருக்கும் தீட்ட இடம் கிடைத்தாலும், அவர்கள் மூவருக்கும் மனைவி இல்லை, எனக்கு லுக்ரீசியா இருக்கிறாள், எனவே அங்கேயும் அவர்களே வெல்வார்கள், அது நான் தேர்ந்தபடி என்கிறான். வெளியே அவள் 'உறவினன்' சீட்டியடிக்கிறான். போ, என் அன்பே என்று அனுப்பிவைக்கிறான். அந்த 'உறவினனுடைய' கடனை அடைப்பதற்கும், அவளுடைய மடிப்புக் கழுத்துப்பட்டைக்கு வேண்டிய 13 ஸ்கூடி நாணயத்துக்கும் சேர்த்தே ஓவியம் தீட்ட ஒப்புக்கொண்டிருக்கிறான் என்பது இதற்குள் நமக்குத் தெரியும். இது அடிமைத்தனமா, காதலா, இரண்டையும் அறிந்தே செய்த தேர்வா என்பதை ஒரு பக்கத்தில் உங்கள் சொற்களில் எழுதுங்கள். எழுதாமல் அடுத்த கவிதைக்குப் போகாதீர்கள்.

7. இரண்டு காதல் கவிதைகள்

'டூ இன் த காம்பான்யா'வில் காதலன் ரோம் நகரைச் சுற்றியுள்ள புல்வெளியில் காதலியோடு அமர்ந்து, பிடிபடாமல் ஓடுகிற ஓர் எண்ணத்தைத் துரத்துகிறான். சிலந்தி பாதையில் எறிந்த இழையைப்போல அது பெருஞ்சீரகச் செடிக்கும், இடிந்த கல்லறையில் முளைத்த களைக்கும், ஒரு சிறு பூவின் கிண்ணத்துக்கும் தாவுகிறது. அந்தப் பூவுக்குள் ஐந்து பச்சை வண்டுகள் குருடாகத் தேன்பொடியைத் தடவிக்கொண்டிருக்கின்றன. ஐந்து என்று எண்ணிச் சொல்லுமளவுக்குக் கூர்மையான கண், தான் தேடுகிற ஒன்றை மட்டும் காண முடியாமல் தவிக்கிறது. நீ எனக்கு எல்லாமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன், நீயோ இவ்வளவுதான், இதற்குமேல் இல்லை என்கிறான். நல்ல நொடி வந்து போய்விடுகிறது. கடைசியில் அவனுக்குத் தெரிவது, எல்லையற்ற வேட்கையும் எல்லையுள்ள இதயங்களின் நோவும் மட்டுமே. 'ஆண்ட்ரியா'வின் 97ஆம் வரியை இதன் பக்கத்தில் வையுங்கள். அங்கே கை நீட்டாததால் வந்த துயரம். இங்கே முழு மனத்தோடு நீட்டியும் எட்டாத துயரம்.

எச்சரிக்கை: பிரௌனிங்கும் எலிசபெத் பாரெட்டும் 1846இல் வீட்டாருக்குத் தெரியாமல் மணம் செய்து இத்தாலிக்குச் சென்ற கதை எல்லோருக்கும் தெரியும் என்பதால், இதை அவர்கள் வாழ்க்கைக் குறிப்பாகவே வாசிக்கத் தோன்றும். அந்தத் தகவலைக் கவிதை படித்து முடியும்வரை ஒதுக்கி வையுங்கள். கவிதைக்குள் பெயரில்லாத இருவர்தான் இருக்கிறார்கள்.

'த லாஸ்ட் ரைட் டுகெதர்' எளிமையானது, ஒரே அமர்வில் படிக்கலாம். காதலை மறுத்த பெண்ணிடம் கடைசியாக ஒருமுறை சேர்ந்து குதிரைச் சவாரி போகலாமா என்று கேட்டு வாங்கியவன், சவாரியின்போது அரசியலாளன், போர்வீரன், கவிஞன், சிற்பி, இசைஞன் என்று ஒவ்வொருவரையும் நினைத்து, எல்லோரும் முயல்கிறார்கள், யார் வென்றார்கள் என்று தன்னைத் தேற்றிக்கொள்கிறான். அவன் தேறுதலில் உண்மையும் உண்டு, சாக்கும் உண்டு. எந்தப் பத்தியில் எது மேலோங்குகிறது என்று ஓரத்தில் குறித்துக்கொண்டு போங்கள். இங்கும் அவள் பேசவில்லை.

8. முயற்சியைப் பாடும் இரண்டு

'எ கிராமேரியன்ஸ் ஃப்யூனரல்' கவிதையில் மாணவர்கள் தம் ஆசிரியரின் உடலை விடியலில் மலையுச்சிக்குத் தூக்கிச் செல்கிறார்கள். அவர் வாழ்நாள் முழுவதையும் கிரேக்க இலக்கணத்துக்குக் கொடுத்தவர். இடுப்புக்குக் கீழே உணர்வு செத்த பிறகும் கிரேக்க இடைச்சொற்களின் நுட்பத்தைச் சொல்லித் தந்தவர். சிறியவன் சிறு செயலைக் கண்டு செய்து முடிக்கிறான், உயர்ந்தவன் பெரியதை நாடி அது கைகூடும் முன்னரே இறக்கிறான் என்று மாணவர்கள் பாடுகிறார்கள். இதை முழுப் புகழ்ச்சியாக எடுப்பவர்களும், வாழ மறந்தவனைப் பற்றிய கண்டனமாக எடுப்பவர்களும் உண்டு. உடனே பக்கம் சேர வேண்டாம். கூற்றுக் குறிப்பில், பேசுகிறவர்கள் மாணவர்கள் என்று எழுதியிருப்பீர்கள். சுமந்து ஏறுகிறவர்களின் மூச்சும் பெருமிதமும் அந்த நெடிய, குறுகிய வரிகளில் கேட்கின்றன. எனக்கு இது கண்டனமாகத் தோன்றவில்லை.

'ராபி பென் எஸ்ரா'வைக் கடைசியில் வைத்ததன் பயன் இப்போது தெரியும். பேசுபவர் 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் ஆபிரகாம் இபன் எஸ்ராவின் பெயரில் வரும் முதியவர். என்னோடு முதுமை அடை, சிறந்தது இனிமேல்தான் என்ற தொடக்கத்தைத் திருமண நாள் வாழ்த்தாக அச்சிடுகிறார்கள். கவிதையில் அது கணவன் மனைவிக்குச் சொல்வதாக இல்லை, மூத்தவர் வாழ்வின் இரு பாதிகளையும் கடவுளின் கையில் வைத்துப் பேசுவது. 7ஆம் பத்தியில், நான் ஆக விரும்பி ஆகாமல் போனது எனக்கு ஆறுதல் என்று வருகிறது. ஆண்ட்ரியா சொல்லியிருந்தால் இது சாக்கு. இந்த முதியவர் சொல்லும்போது அப்படி இல்லை என்று எனக்குப் படுகிறது. ஏன் என்பதை 26ஆம் பத்தியிலிருந்து வருகிற குயவன் சக்கரத்தோடு சேர்த்து யோசியுங்கள். எரேமியா 18 இங்கேதான் தேவைப்படும்.

9. எவ்வளவு காலம் ஆகும்?

வாரத்துக்கு மூன்று மணி நேரம் ஒதுக்கினால் ஆறு வாரத்தில் முடியும். முதல் வாரம் 'மை லாஸ்ட் டச்சஸ்', இரண்டாவதும் மூன்றாவதும் 'ஆண்ட்ரியா', நான்காவது காதல் கவிதைகள் இரண்டும், பிறகு ஒவ்வொரு வாரம் ஒவ்வொன்று. பணி நெருக்கடியால் ஒரு வாரம் தவறினால் அந்தக் கவிதையைத் தாண்டிப் போகாமல் முழு வரிசையையும் ஒரு வாரம் தள்ளி வையுங்கள். தேர்வுக்குப் படிக்கிறவர்கள் பாடத்திட்டத்தில் இவற்றில் ஒன்றுதான் இருக்கிறது என்று மற்றதை விட்டுவிடாதீர்கள்; ஒன்றை விளக்க இன்னொன்றை எடுத்துக்காட்டும் விடைக்கு எடை கூடும்.

10. அடுத்து எங்கே?

அதே காலத்துக் கவிஞர் டென்னிசனின் 'யுலிசிஸ்' 70 வரிகள்தான். முயல், தேடு, கண்டடை, பணியாதே என்ற அதன் கடைசி வரியும் மேடையேறிய வரியே. அதற்கும் கூற்று எழுதுங்கள்: மூப்படைந்த மனைவியையும், நாட்டை மகனிடமும் விட்டுவிட்டுக் கிளம்பும் மன்னன் பேசுகிறான் என்று எழுதும்போதே வரியின் எடை மாறும். எலிசபெத் பாரெட் பிரௌனிங் 1850இல் வெளியிட்ட 44 சானெட்டுகளில் (14 வரிக் கவிதைகளில்) 14ஆவதை எடுத்து 'மை லாஸ்ட் டச்சஸ்' பக்கத்தில் வையுங்கள். என் புன்னகைக்காகவோ பார்வைக்காகவோ நேசிக்காதே, அவை மாறக்கூடியவை என்கிறாள் அதில் பேசுகிறவள். கோமகனுக்கு ஒரு பெண்ணின் குரலில் விடை கிடைத்ததுபோல இருக்கும்.

ஜார்ஜ் மெரிடித்தின் 'மாடர்ன் லவ்' (1862) கடைசியில் வரட்டும். முறிந்துகொண்டிருக்கும் ஒரு திருமணத்தை 50 கவிதைகளில் சொல்லும் அது, இதுவரை சொன்ன எல்லாவற்றையும்விடக் கசப்பானது. ஒவ்வொரு கவிதையிலும் 16 வரிகள் இருக்க வேண்டும். சானெட் என்ற நினைப்பில் 14 வரிகளோடு பிரதி எடுத்துவிடாதீர்கள்.